பதுளையில் தொலைந்த பதினான்காவது ஆள்

தோட்ட நலன்புரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அனுபவசாலி என்பதால்தான் கேட்கிறோம் என்றார்கள். ஒரே வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, வேறெங்கும் யாரும் கூப்பிடாமல், அங்கேயே ஓய்வு பெறுகிறவனுக்கு அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்களும் பொறுமையாக இருந்தால் கிடைக்கும்.

பிரியாவிடையன்று எனக்கு மூன்று பரிசுகள் தந்தார்கள். ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு சால்வை, முழங்காலுக்குப் பூசும் தைலம். அதற்கு முந்தின நாள் வரை நான் மலை ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரே இரவில் என் முழங்காலைப் பற்றி இத்தனை பேருக்கு எப்படிக் கவலை வந்தது என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். தைலம் நன்றாகவே வேலை செய்கிறது என்பது வேறு விஷயம்.

என் உத்தியோகத்தில் மிகக் கஷ்டமான நாள் எது என்று உங்களில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். வேலைநிறுத்தம், மண்சரிவு, தோட்டத் துரையோடு வாக்குவாதம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். அவற்றுக்கெல்லாம் சுற்றறிக்கை உண்டு. என்ன செய்வது என்று எழுதியிருக்கும். செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்றும் எழுதியிருக்கும். என்னை நிலைகுலைய வைத்த நாள் வெயில் அடித்த, மிக அழகான ஒரு காலை. தேநீரும் பிஸ்கட்டும் இருந்தன. பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளைத் தொலைத்துவிட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. தலை முழுக்க வெளுத்துவிட்டது; ஆனால் நான் கிழவன் இல்லை. கிழவர் எனப்படுபவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பது இளமையிலிருந்தே என் கொள்கை. வயது ஏற ஏற அந்த எல்லைக்கல்லையும் நானே பிடுங்கிப் பத்து வயது தள்ளி நட்டு வந்தேன்.

எங்கள் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிறது. கண்ணில் வெள்ளை படர்ந்தவர்களைச் சேர்த்து, சில மாதங்களுக்கு ஒரு தடவை அந்தப் புரையை வெட்டப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். ஒரு தடவைக்குப் பதினான்கு பேர். பத்து மணிக்குள் வார்டில் பெயர் பதிய வேண்டும். தவறினால் அடுத்த பட்டியல். அதற்கு அரை வருடமாவது ஆகும்.

அந்தத் தடவை பட்டியலில் கடைசிப் பெயர் பழனியாண்டி. எழுபத்துநாலு வயது. வலது கண் முழுக்க வெள்ளை, இடது கண் பாதி. முந்தின மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, முழங்கால் கிழிந்து, ஆள் வரும்வரை கிடந்தவர். இன்னும் முற்றினால் வெட்டுவது கஷ்டமாகிவிடும், இந்தத் தடவை தப்ப விடாதீர்கள் என்று தோட்டத்துக்கு வந்து சோதித்த கண் டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னார், பழனியாண்டியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மகனிடம் சொன்னேன். படிவத்தில் மகன் கையெழுத்துப் போட்டான். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

துணைக்குத் தர்ஷினி வந்தாள். எங்கள் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவள். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அவளுக்கு இருபத்து மூன்று வயது, சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், பொறுமைசாலி. அவளைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஆம், என் யோசனை. அவள் மீது பழி போடாதீர்கள்.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் சட்டையில் குத்தும் பெயர் அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் படம். பதினான்கு பேருக்கும் அவற்றையே குத்திவிடலாம் என்றேன். இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நடக்க வைக்கலாம், இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணலாம், அழாமல் இருந்தால் பிஸ்கட் தரலாம். கடைசியை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பிஸ்கட் வாங்கியிருந்தேன்.

காலை ஆறரைக்குப் பஸ் புறப்பட்டது. தர்ஷினி ஒவ்வொருவராக அட்டை குத்திக்கொண்டே வந்தாள். பழனியாண்டிக்கு முயல் கிடைத்தது.

"இது என்னாம்மா?"

"பேர் அட்டை தாத்தா."

"எம்பேர் எனக்குத் தெரியுமே."

நான் குறுக்கே புகுந்தேன். "தொலைஞ்சு கிலைஞ்சு போனா ஆளுங்க பாத்துக் கொண்டாந்து விடணுமில்ல தாத்தா?"

"நான் தொலைஞ்சா நானே சொல்லுவேனே ஐயா. கண்ணுலதானே வெள்ள படந்திருக்கு, வாயில இல்லியே."

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன், 'நம்ம தாத்தா எப்படிப் பேசுது பாருங்க' என்கிற சிரிப்பு. அவர் எழுபத்துநாலு, நான் ஐம்பத்தாறு. அண்ணன் என்று கூப்பிட வேண்டிய ஆளை நான் தாத்தா ஆக்கி வைத்திருந்தேன். அதில் என் வயதுக்கு ஒரு ஆதாயம் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ஆள் முழிச்சிருக்கும்போதே கண்ணுல கத்தி வைப்பாங்களாமே?"

மறுபடி சிரிப்பு. தர்ஷினி கனிவாக அவர் தோளைத் தட்டினாள். நான் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணுமே இல்ல தாத்தா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆளைச் சமாதானப்படுத்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி.

பதுளை பஸ் ஸ்டாண்டில் தேநீர் குடிக்க இறங்கினோம். இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, கடையில் உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸுக்கு வந்தோம். தர்ஷினி எண்ணினாள். பதின்மூன்று. நான் எண்ணினேன். பதின்மூன்று. எண்ணிக்கொண்டே இருந்தால் ஒன்று கூடிவிடும் என்பதுபோல மூன்றாவது தடவையும் எண்ணினேன்.

"சேர், பழனியாண்டித் தாத்தா இல்ல."

அவருடைய இருக்கையில் முயல் இருந்தது. தேநீருக்கு இறங்கும்போதே ஊக்கைக் கவனமாகக் கழற்றி, இருக்கைத் துணியில் நேராகக் குத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கு யோசித்தால் அது ஒரு ராஜினாமாக் கடிதம் என்று புரிகிறது. அன்றைக்கு நான் தர்ஷினியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், புத்தி தடுமாறுது போல."

மணி எட்டாகப் பத்து நிமிடம்.

அவருக்கு முன்னிருக்கையில் ராக்கம்மா இருந்தார். எழுபது வயது, தோட்டத்தில் யாருக்கும் பயப்படாத வாய். அவர் எழுந்தார்.

"ஐயா, அந்தாளு வந்து..."

"நீங்க உக்காருங்க பாட்டி. நாங்க பாத்துக்குறோம்."

"இல்லங்க ஐயா, அது என்னான்னா..."

"பயப்படாதீங்க பாட்டி. ஒண்ணும் ஆகாது. பிஸ்கட் சாப்பிடுங்க."

இன்னொரு ஆள் தொலையாமல் இருக்க பஸ் கதவைப் பூட்டும்படி டிரைவரிடம் சொல்லி, தர்ஷினியை எதிர்ப்பக்கம் தேட அனுப்பிவிட்டு இறங்கி ஓடினேன். கண்ணாடி வழியாகப் பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து நானும் கையசைத்தேன்.

வழி தவறிய வயோதிபர் எங்கே போவார்? கோயில் வாசலுக்கு. போய்ப் பார்த்தேன். நிழலில் உட்காரப் போட்ட வாங்குகளுக்கு. பார்த்தேன். கழிவறை, மருந்துக்கடை ஓரம், சந்தை வாசல் எல்லாம் பார்த்தேன். நான் நிறைய வாசிக்கிறவன். புத்தகங்களில் வயதானவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான்: ஒன்று ஞானி, இல்லாவிட்டால் பரிதாபம். நான் அந்த இரண்டு முகவரிக்கும் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு பஸ் ஸ்டாண்ட் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னேன். அடையாளம் கேட்டார்கள். வருடக்கணக்காகத் தெரிந்த மனிதர். பழனியாண்டியை நினைத்துப் பார்த்தேன். வயதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. என்ன நிறச் சட்டை? தெரியாது. உயரமா? கூன் போட்டிருப்பார், எல்லாரும் போடுவதுதானே. கடைசியில் எழுதிக் கொடுத்தேன்: 'வயதானவர், நரைத்த தலை, ஸ்வெட்டர் அணிந்தவர், மறதியும் தடுமாற்றமும் உள்ளவர், ஹாலிஎலப் பக்கம்.'

இரண்டு மொழியிலும் அறிவித்தார்கள். பதுளை மக்கள் நல்லவர்கள். பத்தே நிமிடத்தில் ஒரு வயதானவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் வெலிமடையிலிருந்து லீக்ஸ் கொண்டுவந்த மரக்கறி வியாபாரி. லொறியில் பாதிச் சரக்கு இறக்கியபடி கிடந்தது. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுத்து ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரைக் கொண்டு வந்தார்கள். அவர் திட்டவில்லை. என் அறிவிப்பில் இருந்த தமிழைத் திருத்திவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முந்தி, மூச்சு வாங்க ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். ஸ்வெட்டர் போட்டிருந்தேன். காலையிலிருந்து ஓடியதில் தலை கலைந்து, கால் தடுமாறியது. யாரோ என் கையை மெதுவாகப் பிடித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர்.

"சீயா, பயப்பட வேணாம்."

சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. வேலைக்காகத் தமிழ் படித்திருந்தார் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தம்பி, நான்தான் தேடுற ஆள்."

"ஆமா சீயா. உங்களத்தான் தேடுறாங்க."

"இல்ல, தேடுறாங்க இல்ல. நான் தேடுறேன். நான் உத்தியோகத்தர்."

"நல்லது, நல்லது. மிச்சம் நல்லது. இதுல இருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

சிங்களத்தில் சொன்னேன். பதற்றத்தில் என் பதவியின் பெயர் எனக்கே மறந்துவிட்டது. அவர் முகத்தில் இரக்கம் கூடியது. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். விலாசத்தை வாசித்தார், ஹாலிஎலப் பக்கம் என்றிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வாங்கில் உட்கார வைத்து, என் தோளில் கையை அழுத்தி, யாருக்கோ தொலைபேசியில் ஆள் கிடைத்துவிட்டார் என்று சொன்னார். நான் எழுந்தேன், உட்கார வைத்தார். குரலை உயர்த்தினேன், தண்ணீர் கொடுத்தார். நான் தெளிவாகப் பேசப் பேச அவருக்கு என் நிலைமை மோசமாகத் தெரிந்தது.

நல்ல பிள்ளை. இன்றுவரை அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை, அலட்சியம் காட்டவில்லை. அன்பாகவே இருந்தார். அந்த அன்புக்குள் என் பேச்சு நுழையக் கதவு இல்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது வாய் நிறைய இருந்தும், எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே கேட்காமல் இருந்தால் எப்படியிருக்கும் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ராக்கம்மாவின் முகம் கண்முன் வந்தது. "ஐயா, அந்தாளு வந்து..."

தர்ஷினி தேடிக்கொண்டு வந்தாள்.

"சேர்! இங்கயா இருக்கீங்க?"

"மிஸ்," என்றார் பொலிஸ்காரர் கண்டிப்பாக, "சீயாவ தனிய விட வேணாம்."

அவள் விளக்கினாள். அவள் சொன்னது ஒரே நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இருபத்து மூன்று வயது.

பஸ்ஸுக்கு ஓடினோம். கதவைத் திறக்கச் சொல்லி, ராக்கம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"ராக்கம்மாக்கா, பழனியாண்டி எங்க போனாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. ஸ்டேசனுக்கு."

"எப்பத் தெரியும்?"

"டீக்கடையிலயே சொல்லிட்டுத்தானே போச்சு. ரயிலேறி வீட்டுக்குப் போறேன்னுச்சு."

பின்னிருக்கையிலிருந்து இன்னொருவர், "த்ரீவீலுல போனாரு. நாந்தான் நிப்பாட்டிக் குடுத்தேன்," என்றார். பதின்மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏன் யாரும் சொல்லல?"

ராக்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கங்க ஐயா சொல்லவிட்டீங்க? வாயத் தொறந்தா பிஸ்கட்ட நீட்டுறீங்க. கண்ணாடியத் தட்டிக் கூப்பிட்டோம், டாட்டா காட்டிட்டு ஓடிட்டீங்க."

"பஸ்ஸிலயே போயிருக்கலாமே, ஏன் ரயிலு?"

"பஸ் போர்டு அதுக்கு எங்க தெரியும்? பதுளையோட தண்டவாளம் முடிஞ்சு போவுது. எந்த ரயிலுல ஏறினாலும் ஹாலிஎலய மிதிச்சுத்தானே போவணும். கண்ணு தெரியாட்டி யோசன இல்லாமப் போயிருமா?"

பொலிஸ், ஒலிபெருக்கி, கடைக்காரர்கள், கண்டக்டர்கள் என்று பாதி பதுளையிடம் கேட்டிருந்தேன். அவரோடு வந்த பதின்மூன்று பேரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர்களைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஒன்பதே கால். தர்ஷினியிடம் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு, நான் ஒரு த்ரீவீலில் ஏறினேன். எட்டரைக்கு ஒரு ரயில் உண்டு. அவர் அதில் போயிருந்தால் கதை முடிந்தது.

போகவில்லை. ரயில் மேடையில் ஒரு வாங்கில், கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீலக் கோடு போட்ட சட்டை. கூன் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு, வெல்பெயார் ஐயாவா? மூச்சு வாங்குதே. தண்ணி வேணுமா?"

கையிலேயே போத்தல் இருந்தது. பொலிஸ்காரர் கொடுத்தது.

"ரயில் போயிருச்சே, ஏன் ஏறல?"

தண்டவாளப் பக்கம் கையை நீட்டினார். பிறகு, "வந்துச்சு. முன்னாலதான் நின்னுச்சு. படி எங்க இருக்கு, எடவெளி எங்க இருக்குன்னு தெரியல. யாரையாச்சும் கேட்டிருக்கலாம். கேக்கப் புடிக்கல," என்றார்.

"ஏன் எங்ககிட்டச் சொல்லாம வந்தீங்க?"

"சொன்னேனே. ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க. நீங்க எறும்பு கடிச்ச மாதிரின்னீங்க." என் பக்கம் திரும்பினார். "ஐயா, நான் இந்த மலையில படாத எறும்புக்கடி இல்ல. எந்த எறும்பும் கடிக்க முன்ன எம் மகன்கிட்டக் கையெழுத்து வாங்குனதில்ல."

மணியைப் பார்த்தேன். ஒன்பது முப்பது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவரைக் கெஞ்சியோ அதட்டியோ கையைப் பிடித்து த்ரீவீலில் ஏற்றியிருக்கலாம். வந்திருப்பார். மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்ட வைத்திருக்கலாம், அப்போதும் வந்திருப்பார். இன்னும் நல்லதாக நாலு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் தேர்ச்சி உண்டு. நேரம் குறைவாக இருக்கும்போது இவை மூன்றும் நியாயமாகத்தான் தோன்றும். அவர் நன்மைக்குத்தானே என்று தோன்றும்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"என்னாது?"

"உள்ள என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணே. எத்தனையோ தடவ ஆளுங்களக் கூட்டிட்டு வந்திருக்கேன். வெளியில உக்காந்து பேப்பர் படிச்சிருக்கேன். ஒரு தடவையும் கேட்டதில்ல."

"தெரியாமலா எறும்புன்னீங்க?"

"ஆமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. காலையிலிருந்து எல்லாரும் சிரித்ததற்குச் சேர்த்துச் சிரித்தார் என்று வையுங்கள்.

"ஒண்ணு மட்டும் தெரியும்," என்றேன். "இன்னும் முத்தவிட்டா வெட்டுறது கஷ்டம்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. உங்ககிட்ட நான் சொல்லல. அது எந் தப்பு. இப்ப வாங்க, தெரிஞ்சவங்ககிட்டக் கேப்போம். கேட்டுட்டு வேணாம்னா நானே கொண்டாந்து அடுத்த ரயில்ல படி காட்டி ஏத்தி விடுறேன். மகன்கிட்டயும் நான் பேசிக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

சொன்னேனே தவிர மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் வேண்டாம் என்றால் ஒரு கட்டில் வீண், ஒரு கண் வீண், மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்குகிற சம்மதத்தை என்னவென்று சொல்வது?

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வார்டுக்குள் நுழைந்தோம். தர்ஷினி வாசலிலேயே நின்று தாதியிடம் ஏதேதோ சொல்லி இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். வார்டில் இருந்த கண் டாக்டர் ஒரு பெண், அவரும் இளவயதுதான். தர்ஷினி மொழிபெயர்த்தாள். பழனியாண்டி அதே கேள்வியைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஆமாம், முழித்துத்தான் இருப்பீர்கள், என்றார் டாக்டர். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி, அது வலிக்கும், கொஞ்ச நேரம்தான். பிறகு மரத்துவிடும். வெளிச்சம் அசைவது தெரியும், கத்தி தெரியாது. அரை மணி நேரம் ஆடாமல் கிடக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பார்வை நன்றாக வரும். எல்லாருக்கும் என்று சொல்லமாட்டேன். பின்னால் நரம்பு கெட்டிருந்தால் வராது.

பழனியாண்டி யோசித்தார். "நடுவுல இருமல் வந்தா?"

தர்ஷினி கேட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல கேள்வி, இருமல் இருக்கிறதா என்றார். இருந்தது, ஒரு வாரமாக. எங்கள் படிவத்தில் இருமலுக்கு இடமே இல்லை. நெஞ்சைச் சோதித்து, மருந்து கொடுத்து, அவரைப் பட்டியலில் கடைசியாகப் பிற்பகலுக்குப் போட்டார்கள். இருமல் வருவதாக இருந்தால் விரலைத் தூக்குங்கள், நான் நிறுத்துவேன் என்றார் டாக்டர்.

"வலிக்கும்னு சொல்லுதே இந்தப் புள்ள," என்றார் பழனியாண்டி என்னிடம். நம்பிக்கை வந்த குரல் அது. "சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

புதிய படிவம் தந்தார்கள். கோடு அவருக்குத் தெரியவில்லை. தர்ஷினி தன் விரலைக் கோட்டில் வைத்துக் காட்டினாள். அந்த விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே, எழுத்தெழுத்தாக முழுப் பெயரையும் எழுதினார்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளையே தோட்டத்திலுள்ள பெரியவர்கள் எல்லார் காலிலும் விழக் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் அவர்களைப் பார்க்காமல் இருப்பதற்கு இன்னொரு வழிதான். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் வாயைத் திறந்தால் பொய். ஒருவர் அடுத்தவர் பிஸ்கட்டையும் சேர்த்துத் தின்றார். ராக்கம்மா வார்டில் மூன்று பேரோடு சண்டை போட்டார். ஞானம் யாரிடமும் விசேஷமாகத் தென்படவில்லை. ஆளுக்கு ஒரு பயமும் ஆளுக்கு ஒரு கேள்வியும் இருந்தன. அடுத்த பயணத்திலிருந்து புறப்படும் முன்பே எல்லாவற்றையும் உள்ளபடி சொல்ல ஆரம்பித்தோம், வலிக்கும் என்பது உட்பட. சிலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் சிலர் அடுத்த தடவை தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. வழியில் இறங்கி ஓடியவர் யாரும் இல்லை.

மறுநாள் காலை தர்ஷினியும் நானும் அவர்களைக் கூட்டி வரப் போனோம். கட்டு அவிழ்த்தாயிற்று. பழனியாண்டி கட்டிலில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தர்ஷினியைப் பார்த்து, "நீதானாம்மா அது," என்றார். பிறகு நான் வந்து முன்னால் நின்றேன். பார்வை கிடைத்தவரின் நன்றி முகத்தைக் காணும் ஆசையோடு நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார். நன்றாகவே தெரிந்தது போலிருக்கிறது. முகம் மெல்ல வாடியது. தர்ஷினி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நேத்து இந்தாளையா என்னையத் தேட ஓடவிட்ட? இந்த வயசுல? ஏதாச்சும் ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?"

தர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினான்கு பேரின் சொட்டு மருந்தும் துணிகளும் அடங்கிய பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"குடுங்க சேர், நான் தூக்கிட்டு வாறேன்," என்றாள்.

கொடுத்தேன். கனமாகத்தான் இருந்தது.